"லிங்க்தானே, மறுபடி தேடிக்கலாம்" என்று சொன்ன செயற்குழுவுக்கு

மதிப்பிற்குரிய செயற்குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

19 நாள்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு, உங்களிடமிருந்து புலனத்தில் (வாட்ஸ்அப்) நான்கு வரி வந்தது. அறிவியல் ஆசிரியர்களின் டெலிகிராம் குழு மூடப்படுகிறது. இணைய வளங்களைக் குறிப்போடு சேர்த்து வைத்த தொகுப்பு அட்டவணை இனி இருக்காது. வளங்கள் எல்லாம் புதிய தளத்தில் மட்டுமே. ஆசிரியர்கள் தனிக்குழு எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் காலை பசியாறிவிட்டுக் கைப்பேசியைத் திறந்தேன். குழுவைக் காணோம். அட்டவணையைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வந்தது.

அன்று மதியமே உங்கள் உறுப்பினர் ஒருவரை அழைத்தேன். பொறுமையாகத்தான் பேசினார். "அதையெல்லாம் டெலிட் பண்ணியாச்சு டீச்சர். லிங்க்தானே, மறுபடி தேடிக்கலாம்" என்றார். பிறகு இரண்டு முறை உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். உங்கள் அமைப்பின் பெயரையோ யாருடைய பெயரையோ இங்கே சொல்லவில்லை. யாரையும் அவமானப்படுத்துவது என் நோக்கமில்லை. எங்களிடமிருந்து போனது என்னவென்று உங்களுக்குத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டீர்கள்.

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால், சுங்கை பக்காப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் கற்பித்த 11 பேர், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு டெலிகிராம் குழுவை ஆரம்பித்தோம். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் இருந்தது அப்பாவின் கைப்பேசி ஒன்றுதான். அதுவும் அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும். டேட்டா தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேறு. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரே ஒரு காணொலியை அனுப்பலாம் என்றால் எதை அனுப்புவது? அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

தமிழில் அறிவியல் காணொலிகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019இல் தொடங்கியது, அதன் பாடங்கள் யூடியூபில் கிடைக்கின்றன. தூக்கிப் போடும் பொருள்களை வைத்து அறிவியல் பொம்மை செய்யக் காட்டும் அரவிந்த் குப்தாவின் காணொலிகள் தமிழிலும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் உருவாக்கிய, திரையிலேயே செய்து பார்க்கும் ஃபெட் (PhET) பாவனைச் சோதனைகளில் சிலவற்றைத் தமிழிலேயே இயக்கலாம். இலங்கை ஆசிரியர்களும் நிறையச் செய்திருக்கிறார்கள். நம் நாட்டில் செய்யப்பட்டவைதான் குறைவு. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கின. அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக 2009இல் அறிவித்தார்கள். பிறகு படிப்படியாகத்தான் தமிழுக்குத் திரும்பினோம். யூடியூப் வந்தது 2005இல். இணையத்தில் பாடங்கள் குவியத் தொடங்கிய அதே ஆண்டுகளில் நம் பள்ளிகளில் அறிவியல் தமிழில் இல்லை. வகுப்பே இல்லாத மொழியில் பாடம் செய்ய யார் உட்காருவார்கள்? அந்த இடைவெளியை இன்றுவரை அயல்நாட்டுக் காணொலிகளை வைத்துத்தான் அடைத்து வருகிறோம்.

அயல்நாட்டுக் காணொலியை அப்படியே வகுப்பில் போட முடியாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒளிச்சேர்க்கைக்காக ஒரு முறை மூன்று காணொலிகளை அடுத்தடுத்துப் போட்டேன். நாங்கள் வகுப்பில் சொல்வது கரிவளி. தமிழ்நாட்டுக் காணொலியில் கார்பன் டை ஆக்சைடு. இலங்கைக் காணொலியில் காபனீரொட்சைட்டு, அங்கே ஒளிச்சேர்க்கைக்கே ஒளித்தொகுப்பு என்று பெயர். மறுநாள் பயிற்சியில் ஒரு மாணவி, செடிக்கு மூன்று வாயுக்கள் தேவை என்று எழுதி, மூன்றையும் அழகாக வரிசைப்படுத்தியிருந்தாள். எதையும் அவள் விடவில்லை. தவறு என்னுடையது. அன்றிரவு நடந்ததைக் குழுவில் சொன்னேன். அந்த இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு ஏறியது: "படம் மிகத் தெளிவு. போடுவதற்கு முன் மூன்று பெயரையும் பலகையில் எழுதி நடுவில் சமக்குறி போடுங்கள்."

இதுதான் நீங்கள் நீக்கியது. அட்டவணையில் 1,400க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு குறிப்பு இருந்தது. மின்சாரப் பாதுகாப்பைப் பற்றிய ஒரு நல்ல காணொலி, தமிழ்நாட்டில் எடுத்தது. அதில் வருவது வட்ட முள் பிளக். நம் வீட்டில் இருப்பது சதுர முள், உள்ளே ஃபியூஸும் இருக்கும். காணொலியைப் பார்த்த பிள்ளைகள் "ஃபியூஸ் எங்கே டீச்சர்?" என்று கேட்கத்தான் செய்வார்கள். "மூன்றாம் நிமிடத்தில் நிறுத்துங்கள், நம் ஊர் பிளக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று நிபோங் திபாலில் இருக்கும் ஓர் ஆசிரியை எழுதி வைத்திருந்தார். அந்த ஒரு வரி எத்தனை வகுப்புகளில் எத்தனை பேருடைய நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கும்! தேடுபொறியில் அந்த வரி கிடைக்காது. அவர் வகுப்பில் போட்டுப் பார்த்து, பிள்ளைகள் கேட்ட கேள்வியைக் காதில் வாங்கி எழுதியது அது.

நிலவின் கதையையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவன் எனக்குக் குரல் பதிவு அனுப்பினான். அடுக்குமாடி வீட்டு வராந்தாவில் நின்றுகொண்டு, "டீச்சர், நம்ம ஊர் நிலா படுத்திருக்கு. நீங்க அனுப்புன படத்துல நிக்குது. எது சரி?" என்று கேட்டிருந்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. 15 ஆண்டு அறிவியல் கற்பித்திருக்கிறேன், ஒரு நாள்கூட அதைக் கவனித்ததில்லை. குழுவில் கேட்டேன். 20 நிமிடத்துக்குள், சுங்கை பக்காப்பில் பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் கையால் வரைந்த படத்தோடு விளக்கம் அனுப்பினார். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகை வடக்கேதான் இருக்கிறோம். இங்கே சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்கி மறைகிறது. மாலைப் பிறையைப் பார்க்கும் நேரத்தில் சூரியன் அதற்கு நேர் கீழே, அடிவானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும். ஒளி படுவது பிறையின் அடிப்பக்கம். அதனால்தான் நமக்கு அது பெரும்பாலும் படகு போலத் தெரிகிறது. ஐரோப்பா போல வடக்கே தள்ளி இருக்கும் நாடுகளில் சூரியன் சாய்வாக இறங்கும், அங்கே பிறை நிமிர்ந்து நிற்கும். காணொலிகளில் பெரும்பாலும் அந்தப் பிறைதான்.

அந்த வாரம் குழுவில் இருந்த 30, 40 பள்ளிகளின் பிள்ளைகள் மாலையில் வெளியே நின்று பிறையை வரைந்தார்கள். அந்த ஓவியங்கள் குழுவில் இருந்தன. அவையும் போய்விட்டன.

உங்கள் செயற்குழுவில் பெரிய பள்ளிகளைச் சேர்ந்தவர்களே அதிகம். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆசிரியர் அறையில் பக்கத்து மேசையில் கேட்க உங்களுக்கு ஆள் உண்டு. 150க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. நம் தமிழ்ப்பள்ளிகளில் எத்தனை அப்படி இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே அறிவியலுக்கு ஒரே ஓர் ஆசிரியர்தான். அவரே கணிதமும் எடுப்பார், விளையாட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பார்? தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆசிரியை, குழுவில் சேர்ந்த முதல் இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. படித்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் மாதம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு வருடம் கழித்து, துருப்பிடித்தலுக்கு அவர் செய்த சோதனையின் படங்களைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும் அந்தப் பாடத்தை எடுத்தோம். குழு மூடிய மறுநாள் அவர் எனக்கு அனுப்பிய செய்தி: "இனி யாரிடம் கேட்பது அக்கா?"

அதற்கு இன்னும் நான் பதில் எழுதவில்லை.

இப்படிக் கற்றுக்கொள்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தனிக்கற்றல் வலையமைப்பு என்கிறார்கள், அதாவது ஒருவர் கற்றுக்கொள்வதற்காகத் தானே அமைத்துக்கொள்ளும் ஆள்களும் வளங்களும் சேர்ந்த வலை. கனடாவில் பணியாற்றிய கல்வி ஆய்வாளர் ஜார்ஜ் சீமென்ஸ், 2005இல் வெளிவந்த கட்டுரையில், எதைக் கற்பது என்று தேர்ந்தெடுப்பதே கற்றல்தான் என்று எழுதினார். ஹெரல்ட் ஜார்ஷ் என்பவர் இதைத் தேடுவது, உள்வாங்குவது, பகிர்வது என்று மூன்றாகப் பிரிக்கிறார். உங்கள் புதிய தளத்தில் முதலாவதும் மூன்றாவதும் இருக்கின்றன. நடுவில் இருப்பதைக் காணவில்லை. எங்கள் உழைப்பில் பத்தில் எட்டுப் பங்கு அந்த நடுவில்தான் போனது.

எங்களுக்கென்று சில விதிகள் இருந்தன. முதலிலிருந்து கடைசிவரை பார்க்காத எதையும் யாரும் போடக்கூடாது. அடுத்தவர் காணொலியையோ நூலையோ இறக்கிப் பதிவேற்றக்கூடாது. முகவரியும் நம் குறிப்பும் மட்டும்தான். (பதிப்புரிமைச் சிக்கல் வரும் என்று உங்கள் அறிவிப்பில் எழுதியிருந்தீர்கள். எந்தப் பதிவில் அந்தச் சிக்கல் என்று காட்டுங்கள், அன்றே எடுத்துவிடுவோம்.) ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் பதிவுகளைப் பங்கு போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். இணையத்தில் இருப்பவை நிலைப்பதில்லை. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு 2023இல் இல்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டறிந்தது. திறக்காதவற்றைப் பிரித்து வைத்து மாற்றுத் தேடுவோம். முக்கியமான பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்தில் சேமித்து அந்த முகவரியையும் எழுதி வைப்போம்.

நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவை மட்டும் 600க்கு மேல். அவற்றுக்கும் காரணம் எழுதியிருந்தோம். "ஆறாம் நிமிடத்தில் தவறான தகவல்." "நடுவே பொருத்தமில்லாத விளம்பரம்." "நல்லதுதான், ஆனால் 40 நிமிடம், பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்." ஒருவர் ஒதுக்கியதை இன்னொருவர் மறுபடி உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அந்தப் பட்டியல்தான் எல்லாவற்றிலும் பெரிய சொத்து. அது போனதில்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

இன்னொரு கோப்பும் அட்டவணை இருந்த உங்கள் அமைப்பின் கணக்கிலேயே இருந்தது. மறைந்த ஓர் ஆசிரியர் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த அறிவியல் கலைச்சொல் பட்டியல், 40 பக்கம். யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவில் இருந்ததால் திறந்தால் வெறும் குறிகளாகத் தெரியும். எங்களில் ஒருவர் மூன்று மாதம் உட்கார்ந்து அதை யூனிகோடுக்கு மாற்றினார். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் உருவான நாடு இது. 2001இல் தமிழ் இணைய மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திய நாடு. இங்கேயே ஓர் ஆசிரியரின் கலைச்சொல் பட்டியல் ஒரே சொடுக்கில் காணாமல் போவதை எப்படி ஏற்றுக்கொள்வது? மூலக்கோப்பு அவர் மகளிடம் இருக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். பழைய கணினியை எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

2022இல் நீங்கள்தான் எங்களிடம் வந்தீர்கள். குழுவும் தொகுப்பும் அமைப்பின் கணக்கில் இருந்தால் பாதுகாப்பு, ஓர் ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் ஓய்வு பெற்றாலும் எதுவும் போகாது என்றீர்கள். சரியான யோசனை என்று நினைத்தோம். உரிமையாளர் பொறுப்பை உங்கள் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தது நான்தான். என் கையால் கொடுத்தேன். மற்றவர்கள் என்னைக் குறை சொல்லவில்லை என்றாலும், இதை எழுத வேண்டிய முதல் ஆள் நான்தான்.

புதிய தளத்தைப் பார்க்காமல் எழுதவில்லை. அதில் அறிவியலுக்கு 312 இணைப்புகள் இருக்கின்றன. முதல் 50ஐ வரிசையாகத் திறந்தேன். 9 திறக்கவில்லை. 6 தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பாடம், நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டாது. 4 ஒரே காணொலி, வெவ்வேறு தலைப்பில். எதற்கும் குறிப்பு இல்லை, எந்த ஆண்டு மாணவருக்கு என்பதுகூட இல்லை. பதிவேற்றிய தேதிப்படி அடுக்கியிருக்கிறது. கருத்து எழுத இடமில்லை, கேள்வி கேட்க ஆளில்லை. தளத்தை உருவாக்கியவர்கள் உழைத்திருக்கிறார்கள், வடிவமைப்பு கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நாளை காலை 7.40க்கு வகுப்புக்குள் நுழையப்போகும் ஆசிரியருக்கு இந்தப் பட்டியலால் என்ன பயன்?

தரக்கட்டுப்பாடு வேண்டும் என்பது நீங்கள் சொன்ன முதல் காரணம். அதை நான் மறுக்கவில்லை. குழுவில் சில நாள் காலை வணக்கப் படங்களும் பண்டிகை வாழ்த்துகளும் வந்து குவியும், அது உண்மை. இரண்டு முறை தவறான தகவலும் பரவியது. இரண்டு முறையும் குழுவில் இருந்தவர்களே அதைப் பிடித்துத் திருத்தினார்கள், ஒன்றை அன்று மாலைக்குள், இன்னொன்றை மறுநாள். 200 பேர் பார்த்துத் திருத்தும் இடத்தை மூடிவிட்டு, ஒருவர் பதிவேற்ற யாரும் பேச முடியாத தளத்தைத் திறந்தால் தரம் எப்படிக் கூடும்?

பெரிய நிறுவனங்களும் சேவைகளை மூடுகின்றன. பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடப்போவதாக 2013 மார்ச்சில் அறிவித்தார்கள், ஜூலை 1இல்தான் மூடினார்கள். கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் பாக்கெட் செயலியைப் பற்றி 2025 மே மாதம் அறிவிப்பு வந்தது, ஜூலை 8இல் நின்றது. அதன் பிறகும் அவரவர் சேமித்ததை எடுத்துக்கொள்ள மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. பயனரின் முகம் தெரியாதவர்களே இப்படிச் செய்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமுள்ள நீங்கள் எங்களுக்கு ஒரு முழு நாள்கூடத் தரவில்லை.

பினாங்கு ஃபிரீ பள்ளியில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பை உங்கள் மேடைகளில் பெருமையோடு குறிப்பிடுவீர்கள். நானும் கைதட்டியிருக்கிறேன். அந்த இருநூறு ஆண்டுகளில் வகுப்பறையில் நின்றவர்கள் எழுதி வைத்த குறிப்புகள் எத்தனை நம் கையில் இருக்கின்றன? பெரும்பாலானவை கரையானோடும் மூடிய தோட்டங்களோடும் போய்விட்டன. எங்களுடையதற்குக் கரையான் வரவில்லை.

இப்போது நான் கேட்பவை. முதலாவது அவசரம். கூகுள் டிரைவில் நீக்கிய கோப்பு 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், பிறகு நிரந்தரமாக அழிந்துவிடும். இன்று 19ஆம் நாள். இந்த மடலைப் படித்தவுடன் உங்கள் கணக்கைத் திறந்து, குப்பைத்தொட்டியில் அந்த அட்டவணையையும் கலைச்சொல் பட்டியலையும் தேடி மீட்டெடுங்கள். இரண்டையும் எக்செல் கோப்பாகவும் வேர்ட் கோப்பாகவும் எங்களுக்கு அனுப்புங்கள். டெலிகிராம் குழுவை அழித்தால் திரும்ப வராது என்று எனக்குத் தெரியும். மூடுவதற்கு முன் உங்களில் யாராவது அந்த உரையாடல்களைக் கணினியில் இறக்கி வைத்திருந்தால், அந்தப் பிரதியையும் தாருங்கள்.

ஆசிரியர்கள் தனிக்குழு வைக்கக்கூடாது என்ற வரியை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். அந்த வரிக்குப் பயந்து இப்போது நான்கு பேர் சேர்ந்து பேசவே தயங்குகிறார்கள். புதிய தளத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் கீழே குறிப்பு எழுத இடம் வையுங்கள், எழுதியவர் பெயர் அங்கே இருக்கட்டும். எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் வகுப்பில் நிற்கும் மூன்று ஆசிரியர்கள் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது குறைந்த மாணவர் பள்ளியிலிருந்து வர வேண்டும். அரசு ஊழியர் ஆண்டுதோறும் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. நீங்கள் ஆண்டுதோறும் நடத்தும் பயிலரங்கில் ஒரு நாளை, இணைய வளங்களைத் தேர்ந்து குறிப்பெழுதிப் பராமரிப்பதற்கு ஒதுக்குங்கள். சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம், கட்டணம் வேண்டாம். கடைசியாக, இனி எந்தப் பொதுத்தொகுப்பையும் 90 நாள் முன்னறிவிப்பும் முழுப்பிரதியும் தராமல் மூடமாட்டோம் என்று குழுவின் தீர்மானமாகப் பதிவு செய்து, அதன் நகலை எங்களுக்குக் கொடுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பட்டர்வொர்த்தில் என் வீட்டில் 14 பேர் கூடுகிறோம். அவரவர் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் மிஞ்சியிருப்பதை ஒன்றுசேர்க்கும் வேலை. முகவரி உங்கள் உறுப்பினருக்குத் தெரியும். மீட்ட கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு உங்களில் ஒருவர் வந்தால் போதும். வர இயலாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்து மூலம் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
செபராங் பிறைத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை